படிப்பை முடித்துவிட்டேன், என் பழைய கல்லூரிக் கிறிஸ்தவ ஐக்கியத்தில் மாணவர்களுக்கு மென்டராக, அதாவது கூடவே இருந்து வழிகாட்டும் மூத்தவராக, இருக்கச் சொல்கிறார்கள். இறையியல் படிக்காத நான் இதைச் செய்யலாமா? என்னதான் செய்ய வேண்டும்?

செய்யலாம். இறையியல் பட்டம் வாங்கியவர்கள் மட்டும்தான் செய்ய வேண்டும் என்றிருந்தால் மாணவர் ஊழியம் என்ற ஒன்றே உலகத்தில் இருந்திருக்காது. 1877-ல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய மாணவர் ஐக்கியத்தை நடத்தியவர்கள் மாணவர்கள். 1947-ல் பத்து நாட்டு மாணவர் இயக்கங்கள் சேர்ந்து ஒரு சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கின. மாணவர்களின் ஊழியத்தை மாணவர்களே நடத்த வேண்டும், பெரியவர்கள் பக்கத்தில் நின்றால் போதும் என்பதை அந்த இயக்கங்கள் இன்றும் விடாமல் சொல்லிவருகின்றன. நீங்கள் நிற்க வேண்டிய இடம் அந்தப் பக்கம்தான். நீங்களே வேதம் வாசிக்கிறீர்கள், ஜெபிக்கிறீர்கள், ஒரு சபையில் ஒழுங்காக இருக்கிறீர்கள், வாரத்தில் ஒரு மாலையை விட்டுக்கொடுக்க முடியும், கேட்ட விஷயத்தை வெளியே சொல்லாமல் இருக்கத் தெரியும் என்றால் தகுதியைப் பற்றி இதற்குமேல் யோசிக்க வேண்டாம்.

சில வருடங்களாக வேலைக்கு நடுவே இதைச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். மாணவர் ஊழியத்தில் காலக்கெடு உண்டு. மூன்று வருடமோ நான்கு வருடமோ, அதற்குள் பையன் போய்விடுவான். முதல் வருடம் புது இடத்துக்குப் பழகுவதிலேயே போய்விடும், கடைசி வருடத்தை வேலை தேடுவதும் மேற்படிப்பு விண்ணப்பங்களும் தின்றுவிடும். நடுவில் கிடைப்பது கொஞ்ச காலம்தான். சபையில் ஒரு போதகர் ஒரு குடும்பத்தோடு இருபது வருடம் பழகுவார். உங்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் எதைச் செய்தாலும், நான் இல்லாதபோது இது இவனிடம் நிற்குமா என்று கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

நேவிகேட்டர்ஸ் என்ற கிறிஸ்தவ இயக்கம் தொடங்கிய கதை இதற்குப் பொருத்தமானது. 1933-ஐ ஒட்டிய காலம். டாசன் ட்ராட்மன் என்பவர் ஒரு கடற்படை மாலுமிக்கு வேதத்தை வாசிக்கவும், மனப்பாடம் செய்யவும், ஜெபிக்கவும் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். அந்த மாலுமி தன்னோடு வேலை செய்யும் இன்னொருவரை அழைத்துவந்து, இவருக்கும் நீங்கள் கற்றுக்கொடுங்கள் என்றபோது ட்ராட்மன் மறுத்துவிட்டார். நான் உனக்குக் கற்றுக்கொடுத்ததை நீ இவனுக்குக் கற்றுக்கொடு, உன்னால் முடியாவிட்டால் என் வேலைதான் வீண் என்கிற பாங்கில் அவர் பதில் இருந்தது. கேட்க முரட்டுத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி மறுத்ததால்தான் அது ஒரு கப்பலில் பலருக்கும் பரவியது.

சரி, வாரச் சந்திப்பில் என்ன செய்வது? உட்கார்ந்ததும், இந்த வாரம் தியான நேரம் எப்படிப் போனது என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லா மாணவர்களிடமும் ஒரு ரெடிமேட் பதில் இருக்கும். நன்றாகத் தூங்கினாயா, அறையில் கூட இருப்பவனோடு சண்டை தீர்ந்ததா, அந்தப் பேராசிரியர் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டாரா என்று கேளுங்கள். போன வாரம் அவன் சொன்னதை நீங்கள் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தாலே பாதிக் கதவு திறந்துவிடும். ஆன்மீக விஷயம் அந்தப் பேச்சுக்குள்ளேயே தானாக வரும். ரூம்மேட்டை மன்னிக்க முடியவில்லை என்பதைவிடப் பெரிய ஆன்மீக விஷயம் பத்தொன்பது வயதில் என்ன இருக்கிறது?

அப்புறம் வேதம். நான் பெரும்பாலும் மாற்கு நற்செய்தியை எடுப்பேன். மொத்தம் 16 அதிகாரம், வேகமாக நகரும். முறையும் பழைய முறைதான்: பகுதியில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம், நான் என்ன செய்யப்போகிறேன். மூன்று கேள்விகளில் முதலாவதில்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளிக்குப் போனவர்கள் வாசிக்காமலே பதில் சொல்லிவிடுவார்கள்.

ஒருமுறை நான்காம் அதிகாரத்தில் இயேசு புயலை அமர்த்தும் பகுதி. எங்களோடு இருந்தவர்களில் ஒருவன் சபை வளர்ப்பு. வாசித்து முடிக்கும் முன்பே, நம் வாழ்க்கையிலும் புயல் வரும், இயேசு நம் படகில் இருந்தால் பயமில்லை என்று பிரசங்கத்தை முடித்துவிட்டான். நான் தலையாட்டிவிட்டு, சரி, இன்னொரு தடவை வாசி, படத்தில் வரைய முடிகிற விஷயங்களை மட்டும் சொல் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, எப்போதும் பின்னால் உட்காருகிற, வேதத்தை அப்போதுதான் முதன்முதலாகத் திறந்திருந்த ஒருவன், "அண்ணா, தலையணை போட்டுத் தூங்கினார்னு இருக்கு" என்றான். அடுத்தவன், "வேற படகுகளும் கூட வந்துச்சாம்" என்றான். உடனே முதலாமவன் நிமிர்ந்து, "அப்போ அந்தப் படகுல இருந்தவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை; மாற்குவும் சொல்லவில்லை. அவன் அதைப் பிடித்துக்கொண்டு, காற்று நின்றபோது அவர்களுக்கும்தானே நின்றிருக்கும், யார் நிறுத்தினார் என்றே தெரியாமல் கரைக்குப் போயிருப்பார்களோ என்று தானாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டான். கடைசியில் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள்: சீஷர்கள் புயலில் பயந்தார்கள், புயல் ஓய்ந்த பிறகு அதைவிட அதிகமாகப் பயந்தார்கள்.

இயேசு படகில் இருந்தால் பயமில்லை என்று ஆரம்பித்தவன் போய்ச் சேர்ந்த இடம் அது. இதை நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பான். கொஞ்ச நாளில் அவனே முதலாமாண்டு மாணவர்களை உட்காரவைத்து, வரைய முடிகிறதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதனால் உங்களுக்கு விடை தெரிந்தாலும் முந்திக்கொள்ள வேண்டாம். புதிதாக வரும் மென்டர்களுக்கு இதுதான் சிரமம், குறிப்பாக நன்றாகப் பேச வருபவர்களுக்கு.

அடுத்து, எனக்குக் கொஞ்சம் கோபம் வரும் விஷயம். ஒரு நாள் உங்கள் மாணவர் வந்து, "அண்ணா, எனக்காக ஜெபிச்சப்போ கர்த்தர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று கேட்பார். படிப்பை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா, இந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்யலாமா, இந்த வேலையை ஏற்கலாமா என்பவைதான் வழக்கமான கேள்விகள். அப்போது தேவசித்தத்தின் பெயரில் ஆமாம், இல்லை என்று சொல்ல உங்களுக்கு வாய் வரக்கூடாது. இருபது வயதில் ஒருவன் உங்களை எவ்வளவு நம்புகிறான் என்பது உங்களுக்கே தெரியாது. நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னதை வைத்து அவன் ஒரு படிப்பையே விடுவான். ஆண்டவர் சொன்னார் என்று நீங்கள் சொல்லிவிட்டால், அது தவறாகும் நாளில் அவனுக்கு யார் மேல் வருத்தம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். முடிவு அவனுடையது. உன்னை நன்றாகத் தெரிந்தவர்கள் என்ன சொல்கிறார்கள், அப்பா அம்மாவிடம் பேசினாயா, இதே ஆசை ஒரு வருடம் கழித்தும் இருக்குமா, எதற்குப் பயந்து இதை எடுக்கிறாய், எதற்கு ஆசைப்பட்டு எடுக்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். எல்லாப் பக்கமும் கேட்டுவிட்டு அவனோடு சேர்ந்து ஜெபித்துவிட்டுக் கிளம்புங்கள்.

படிப்பு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்வமான மாணவர் ஒருவர் கிடைத்தால் ஐக்கியம் அவரைச் சக்கையாகப் பிழிந்துவிடும். பாட்டு நடத்த அவர், முகாம் ஏற்பாட்டுக்கு அவர், ஜெபக் கூட்டத்துக்கு அவர், நாற்காலி போடவும் அவர். வகுப்பை வெட்டிவிட்டு ஜெபக் கூட்டத்துக்கு வருவதைச் சாட்சியாகவே சொல்வார்கள். போய் வகுப்பில் உட்கார் என்று சொல்கிற முதல் ஆள் மென்டராக இருக்க வேண்டும். அரியர் மேல் அரியர் வைத்திருக்கும் ஐக்கியத் தலைவரைப் பார்க்கும் வகுப்புத் தோழர்களுக்கு அவருடைய சுவிசேஷம் எப்படிக் கேட்கும்?

சந்தேகங்கள் வரும். பரிணாமம், துன்பம், மற்ற மதங்கள், பதில் கிடைக்காத ஜெபம். பதறாதீர்கள், உடனே யூடியூப் இணைப்பு அனுப்பாதீர்கள். உயிர்த்தெழுதலை நம்பாத தோமாவை மற்ற சீஷர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்தும் அவர் அதே வீட்டுக்குள் அவர்களோடுதான் இருந்தார். சந்தேகத்தோடு இருப்பவனுக்கு ஐக்கியத்தில் இடம் இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தால் போதும். பேச்சுக்கு நாள் நிறைய இருக்கிறது.

எல்லைகள். இதில் மென்மை வேண்டாம். ஆண்கள் ஆண்களையும், பெண்கள் பெண்களையும் சந்திப்பது நல்லது. மூடிய அறையில் தனியாக வேண்டாம். நாலு பேர் பார்க்கிற இடத்தில், காதில் விழாத தூரத்தில் உட்காருங்கள். நடு இரவு வாட்ஸ்அப் உரையாடல்களை வளர்க்க வேண்டாம். கடன் கொடுக்கவும் வாங்கவும் வேண்டாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பதான் சொல்வேன்" என்று ஒருவர் ஆரம்பித்தால், கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: உன் உயிருக்கோ இன்னொருவருக்கோ ஆபத்து என்றால் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்வேன், மற்றபடி என்னோடு இருக்கும். தற்கொலை எண்ணம், யாராவது தவறாக நடந்துகொண்டது, சாப்பிடாமல் தூங்காமல் வாரக்கணக்கில் முடங்கிக் கிடப்பது, இவை எதையும் ஜெபத்தை மட்டும் வைத்துக்கொண்டு நீங்களே சமாளிக்கப் பார்க்காதீர்கள். கல்லூரிக் கவுன்சிலர், மருத்துவர், வீட்டார் என்று அன்றைக்கே ஆள் தேடுங்கள், கூடவே போங்கள், ஜெபமும் செய்யுங்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே தடுங்கள்.

வேறு மதத்தைச் சேர்ந்த மாணவர்களும் கூட்டங்களுக்கு வருவார்கள். என்ன கூட்டம் என்று தெளிவாகச் சொல்லித்தான் அழைக்க வேண்டும். ஆசை காட்டுவது, அவசரப்படுத்துவது, வீட்டாருக்கு ஒளிக்கச் சொல்வது எதுவும் கூடாது. நட்பு அவர் கிறிஸ்தவராவதைப் பொறுத்தது என்று அவருக்குத் தோன்றினால் அது முதலிலிருந்தே நட்பில்லை.

சிலர் பாதியில் காணாமல் போவார்கள். ஃபோனை எடுக்க மாட்டார்கள், உங்களைப் பார்த்தால் பாதையை மாற்றுவார்கள். அப்போது நான் மாற்குவைத்தான் நினைப்பேன். ஆதிச் சபையின் ஊழியர்களான பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் போனவர் பம்பிலியாவில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த பயணத்துக்கு அவரைச் சேர்க்கவே கூடாது என்று பவுல் நின்றார், பர்னபா விடவில்லை, சண்டை முற்றி இரண்டு பெரியவர்களும் பிரிந்தே போனார்கள். பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்குக் கப்பலேறினார். பல வருடங்களுக்குப் பிறகு சிறையிலிருந்து எழுதும் பவுல், மாற்குவை அழைத்து வா, அவன் எனக்குப் பயன்படுவான் என்கிறார். நாங்கள் உட்கார்ந்து வாசிக்கிற நற்செய்தியை எழுதியவர் அவர்தான் என்பது சபை மரபு. பவுல் செய்ததில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. முகாம் பொறுப்பை எடுத்துவிட்டு இரண்டு நாள் முன்னால் கைவிடுகிறவனோடு வேலை செய்து பார்த்தால் பவுலின் கோபம் புரியும். ஆனால் மென்டராக உங்களைக் கேட்டிருக்கிறார்கள் என்றால் பர்னபாவின் வேலையைத்தான் கேட்டிருக்கிறார்கள். மாதம் ஒரு முறை, எந்தக் கேள்வியும் இல்லாமல், எப்படி இருக்கிறாய் என்று ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருங்கள். திட்டாதீர்கள், கூட்டத்துக்கு அழைக்கவும் அழைக்காதீர்கள்.

கடைசி வருடத்தில் உங்கள் வேலை குறைய வேண்டும். வாரச் சந்திப்பு மாதத்துக்கு ஒன்றாகட்டும். வேலை கிடைத்த ஊரில் எந்தச் சபைக்குப் போகப்போகிறான் என்பதைச் சேருவதற்கு முன்பே பேசிவிடுங்கள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. கல்லூரி ஐக்கியத்தின் சூடு எந்தச் சபையிலும் கிடைக்காது, அங்கே பாட்டு மெதுவாக இருக்கும், பக்கத்தில் உட்காருபவருக்கு அறுபது வயதிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேட்டவர்களிடம் என்ன பதில் சொல்வது என்றால்: ஒரே நேரத்தில் மூன்று நான்கு பேரை ஏற்க வேண்டாம். முதலில் ஒருவர், ஒரு செமஸ்டர். அது முடிந்ததும் தொடர்வதா என்று இரண்டு பேருமே சங்கடமில்லாமல் சொல்லலாம் என்று முதல் சந்திப்பிலேயே பேசிக்கொள்ளுங்கள். உங்களுக்கும் அந்த ஊழியத்தில் மூத்த ஒருவர் இருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை என்ன நடக்கிறது என்று அவர் உங்களைக் கேட்க வேண்டும். அப்படி யாரையாவது ஏற்பாடு செய்து தருவீர்களா என்று ஐக்கியத்தாரிடம் இப்போதே கேளுங்கள். அதற்கு அவர்கள் மழுப்பினால் கொஞ்சம் பொறுத்து ஒப்புக்கொள்ளுங்கள்.