மூணாவது தடவை நீட்டா, ஓவியக் கல்லூரியா?

தம்பி, ரெண்டு தடவை நீட் எழுதியும் சீட் கிடைக்கல, அப்பா மறுபடியும் கோச்சிங் போகச் சொல்றார், மனசு ஓவியத்துல இருக்குன்னு எழுதியிருந்தீங்க.

"எனக்குப் பிடிச்சிருக்கு"ன்னு மட்டும் சொன்னா அப்பாகிட்ட எடுபடாது. நாளைக்குச் சோத்துக்கு என்ன வழிங்கிறதுதான் அவர் பயம். அதனால விவரத்தோட போய் உட்காருங்க. எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரி 1850-ல தொடங்கினது. அங்க பி.எஃப்.ஏ.ங்கிற கவின் கலைப் பட்டப்படிப்பு நாலு வருஷம். அரசுக் கல்லூரி, கோச்சிங்குக்குக் கொட்டுற காசுக்கு முன்னாடி ஃபீஸ் ஒண்ணுமே இல்ல. ஓவியம், சிற்பத்தோட துணி வடிவமைப்பும் விஷுவல் கம்யூனிகேஷனும் இருக்கு. ஜவுளி, விளம்பரம், அனிமேஷன்னு வேலைக்கு வழி உண்டு. கும்பகோணத்துலயும் ஒரு அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கு.

"இப்ப விட்டா டாக்டர் கனவே போச்சு"ன்னு சொன்னார்னா, நீட்டுக்கு உச்ச வயது வரம்பை 2022-லயே எடுத்துட்டாங்கன்னு சொல்லுங்க.

நுழைவுத் தேர்வுல வரையச் சொல்வாங்க, கை ஓடணும். எவர்சில்வர் குடத்தை ஜன்னலோரம் வச்சு, அதுல வளைஞ்சு தெரியற கம்பிகளைப் பென்சில்ல கொண்டுவந்து பாருங்க. கூடத்துலயே உட்கார்ந்து வரைங்க, அப்பா கண்ணுல படட்டும்.

அம்மாவைத் தூது அனுப்பாதீங்க (ரெண்டு பக்கமும் திட்டு வாங்குறது அவங்கதான்). முடிஞ்சா அப்பாவையே ஒருநாள் எழும்பூருக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க படிக்கிற பசங்ககிட்ட வேலை பத்தி அவரே கேட்கட்டும்.