யாழ்ப்பாணப் பரவைக்கடலில (ஆழமில்லாத களப்பில) நங்கூரம்: கேள்வி பதில்

கேள்வி (நாவாந்துறை): கனடாவில இருக்கிற அண்ணை பவர் போல் ஒண்டு அனுப்புறாராம். பட்டனை அமத்தினால் தடி தானே இறங்கிச் சேத்தில குத்தி நிக்குமாம். எங்கட 18 அடி பிளாஸ்ரிக் போட்டுக்குச் சரிவருமோ?

பதில்: சேறும் மணலும் உள்ள இடத்துக்கு நல்ல சாமான். 8 அடி, 10 அடியில வருகுது, 12 வோல்ற் பற்றறி வேணும். சத்தம் குறைவு, மீன் கலையாது. ஆனால் தம்பி, அதைப் பூட்டுறது பின்பலகையில. அதுதான் எனக்குப் பயம். எங்கட போட்டில பின்பலகையை எஞ்சினுக்காகத் தாழ்த்தியிருக்கு. 15 குதிரைவலு எஞ்சின் ஏறக்குறைய 40 கிலோ. ஓட்டுறவரும் அங்கதான் இருப்பார். சோளகம் (தென்மேற்குக் காத்து) எழும்பினால் பரவைக்கடலில பெரிய அலை வராது, கட்டையா, கிட்டக்கிட்ட வரும். தடி பின்பக்கத்தை அலைக்கு நேரா பிடிச்சிருக்க, அலை நேரா உள்ளுக்குக் கொட்டும். காத்தில்லாத காலையில, ஆள் இருக்கேக்க மட்டும் பாவியுங்கோ. காத்து வந்தால் தடியைத் தூக்கிப்போட்டு அணியத்தில (முன்பக்கத்தில) நங்கூரத்தைப் போடுங்கோ.

கேள்வி (கொழும்புத்துறை): ஒரு மீற்றர் தண்ணிக்கு எவ்வளவு கயிறு விடவேணும்? ஏழு மடங்கு எண்டு 7 மீற்றர் விட்டும் இழுபடுது.

பதில்: தண்ணியை மட்டும் அளந்திருக்கிறியள். கயிறு கட்டின இடம் தண்ணிக்கு மேல முக்கால் மீற்றர் எண்டால் உங்கட கணக்கு ஒண்டே முக்கால். ஏழு மடங்குக்கு 12 மீற்றருக்கு மேல வேணும். நீங்கள் விட்டது நாலு மடங்குதான். ஆழத்தில இந்த முக்கால் மீற்றர் பெரிசில்லை, பரவையில அதுதான் கிட்டத்தட்டப் பாதிக் கணக்கு. நங்கூரத்தோட 2 மீற்றர் சங்கிலியும் போடுங்கோ. மிதக்கிற பிளாஸ்ரிக் கயிறு வேண்டாம், எஞ்சின் காத்தாடியில சுத்தும். நைலோன் தாழும், இழுவைக்கும் குடுக்கும்.

கேள்வி (அரியாலை): பின்னுக்குக் கட்டினால் என்ன?

பதில்: முதல் பதிலை வாசியுங்கோ.

கேள்வி (மயிலிட்டி): கல்லுக்கை சிக்கின நங்கூரத்தை வெட்டிவிட்டுத்தான் வாறம்.

பதில்: கயிறைத் தலையிலை இருக்கிற வளையத்தில கட்டாமல், கொக்கியள் சேருற அடியில கட்டுங்கோ. அதைத் தண்டு வழியே கொண்டுவந்து வளையத்தோட வலை பொத்துற நூலால ரண்டு சுத்துச் சுத்துங்கோ. சிக்கினால் நேர் மேல வந்து இழுக்க நூல் அறும், நங்கூரம் தலைகீழா வெளியில வரும். ஆளில்லாமல் விட்டுப்போற படகுக்கு இப்பிடிக் கட்டாதேங்கோ.

கேள்வி (குருநகர்): எந்த எஞ்சின் திறம்?

பதில்: அதை எஞ்சின் திருத்துற ஆளிட்டைக் கேளுங்கோ.

கேள்வி (பாஷையூர்): அப்பு காலம் தொட்டு நாங்கள் பின்னுக்குக் கட்டித்தான் தூண்டில் போட்டம். ஒருத்தரும் தாழேல்லை. நீங்கள் பயப்படுத்துறியள்.

பதில்: அண்ணை, உங்கட அப்பு எந்தப் படகில நிண்டவர்? வள்ளமாத்தான் இருக்கும். வள்ளத்துக்கு முன்னும் கூர், பின்னும் கூர். எந்தப் பக்கம் கட்டினாலும் அலையைப் பிளக்கும். எஞ்சின் பாரமும் இல்லை. அந்தப் பழக்கம் அந்தப் படகுக்குச் சரி. இண்டைக்கு நீங்கள் நிக்கிறது பின்பக்கம் சப்பையா வெட்டின போட். உடம்பு மாறிப்போச்சு, கட்டு மட்டும் மாறேல்லை.

கேள்வி (அதே அண்ணை): அணியத்தில கட்டினால் படகு அங்கையும் இங்கையும் ஆடுது. தூண்டில் கயிறு சிக்குப்படுது.

பதில்: அது உண்மை. அதுக்கு வழி இருக்கு. அணியத்துக் கயிறு அப்பிடியே இருக்கட்டும். இன்னொரு சின்னக் கயிறை நடுப்பக்கத்துக் கொளுவியில இருந்து நங்கூரக் கயிறோட முடிஞ்சு, இறுக்கி இளக்கிப் பாருங்கோ. படகு கொஞ்சம் சரிஞ்சு நிக்கும், ஆட்டம் குறையும். காத்து ஏறினால் சின்னக் கயிறைக் கழட்டினால் போதும், படகு தானே முகம் திருப்பும். இதைச் செய்துபோட்டு மறுபடி வாதாடுங்கோ, நான் கேக்கிறன்.

கேள்வி (காக்கைதீவு): பின்பக்கம் ஒரு நங்கூரம், முன்பக்கம் ஒண்டு எண்டால்?

பதில்: காத்துத் திரும்பினால் பக்கவாட்டில அடி விழும். வேண்டாம். பின்னுக்கு எண்டு இனிக் கேக்கிறவைக்கும் இதுதான் பதில்.

கேள்வி (ஊர்காவற்றுறை): நங்கூரத்தோட சாதாளை (கடல்புல்) வேரோட வருகுது.

பதில்: இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளருறது அதுக்கைதான். வெள்ளையாத் தெரியிற மணல் திட்டுப் பாத்துப் போடுங்கோ. அங்க நங்கூரமும் நல்லாப் பிடிக்கும்.

கேள்வி (மண்டைதீவு): பவர் போல் வாங்கக் காசில்லை. தடி நட்டுக் கட்டலாமோ?

பதில்: தாராளமா. கண்டல் மரம் வெட்டாதேங்கோ, தடை. இரும்புக் குழாய் போதும். கயிறைத் தடியின்ரை மேல்முனையில கட்டாமல், வளையம் போட்டுச் சேறு மட்டத்துக்கு வழுக்கி விடுங்கோ. மேல கட்டினால் ஒவ்வொரு அலையும் தடியை ஆட்டிப் பிடுங்கும். கட்டுறது அணியத்தில.