சட்டம் தெரிகிறது, வாய்க்கு வரவில்லை

கேள்வி: மத்ரஸாவில் நஹ்வு (அரபு வாக்கிய இலக்கணம்) முடித்துவிட்டேன். வினை முன்னால் வந்தால் எழுவாய் பன்மையானாலும் வினை ஒருமையில்தான் என்று பரீட்சையில் சரியாக எழுதுகிறேன். பேசும்போது மட்டும் ‘தஹபூ அல்அவ்லாது’ (போனார்கள் பையன்கள்) என்று வினையும் பன்மையாகவே வருகிறது. இன்னும் எவ்வளவு இலக்கணம் படிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: படித்த இலக்கணம் போதும், சகோதரி. காது இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

தமிழில் ‘பையன்கள் போனார்கள்’ என்றாலும் ‘போனார்கள் பையன்கள்’ என்றாலும் வினை பன்மைதான். அப்படியே கேட்டு வளர்ந்த நமக்கு, வினை ஒருமையில் நிற்கும் ‘தஹபல் அவ்லாது’ உறுத்தத்தான் செய்யும். போதாததற்கு, ஆரம்பப் பாடங்கள் ‘அல்பைத்து கபீருன்’ மாதிரி பெயரில் தொடங்கும் வாக்கியங்களிலேயே நெடுநாள் ஓடுகின்றன. ‘வீடு பெரியது’ என்று தமிழிலும் அதே அமைப்பு. சுலபமாக இருக்கிறதே என்று அங்கேயே நின்றுவிடுகிறோம்.

ஆனால் உங்களுக்கு வேண்டிய அமைப்பு உங்கள் நாவிலேயே இருக்கிறது. ‘கத் அஃப்லஹல் முஃமினூன்’ என்று எத்தனை முறை ஓதியிருப்பீர்கள்! குர்ஆனின் 23ஆம் அத்தியாயம், முதல் வசனம்: ‘நம்பிக்கையாளர்கள் வெற்றி பெற்றுவிட்டார்கள்’. வெற்றி பெற்றவர்கள் பலர், வினையோ ‘அஃப்லஹ’ என்ற ஒருமை. அதை ஓதும்போது நீங்கள் சட்டத்தை யோசிப்பதே இல்லை. அந்த அச்சிலேயே வேறு சொற்களைப் போடுங்கள்: ‘வஸலல் முஸாஃபிரூன்’ (பயணிகள் வந்து சேர்ந்தார்கள்), ‘ரஜஅல் உம்மால்’ (தொழிலாளர்கள் திரும்பினார்கள்), ‘கரஜத் துல்லாப்’ (மாணவர்கள் வெளியே போனார்கள்). வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்ன கையோடு எதிரே தெரிவதைப் பற்றி ஒரு வாக்கியம் நீங்களே அமையுங்கள். இந்த ‘கையோடு’ முக்கியம். சற்றுமுன் சொன்ன வாக்கியத்தின் அமைப்பு, சொற்கள் முற்றிலும் மாறினாலும், அடுத்த வாக்கியத்தில் தானாக வந்து உட்காரும். காத்ரின் பாக் என்ற உளவியலாளர் 1986இலேயே ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் சோதித்துக் காட்டியது இது. செயப்பாட்டு வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னவர்கள், அடுத்து காட்டிய சம்பந்தமில்லாத படத்தையும் செயப்பாட்டிலேயே விவரிக்க அதிகம் முனைந்தார்கள்.

நாவு பழகிய பிறகு வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள்: ‘அத்துல்லாபு கரஜூ’. எழுவாய் முன்னால் வந்ததும் வினை பன்மையாகிவிட்டது, பாருங்கள். இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால்தான் வித்தியாசம் பதியும்.

அப்புறம், கேட்பதற்கு எதை எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். வளைகுடா நாடுகளின் அரபுப் பேச்சு வழக்கில் ஆட்களைப் பற்றிப் பேசும்போது வினை முன்னால் வந்தாலும் பன்மை எடுப்பது சகஜம். அந்த வழக்குக்கு அது சரி. ஆனால் நீங்கள் விடப் பார்க்கும் பழக்கத்தை அது இன்னும் கெட்டிப்படுத்திவிடும். இப்போதைக்குச் செய்தி அறிக்கைகளையும், ஃபுஸ்ஹாவில் (இலக்கணச் சுத்தமான பொது அரபியில்) டப்பிங் செய்த சிறுவர் கார்ட்டூன்களையும் கேளுங்கள்.