ப்ராசஸர் சூடு: எந்த எண்ணை நம்புவது?

கேள்வி: என்னுடையது இன்டெல்லின் கோர் 2 டுவோ ப்ராசஸர் உள்ள பழைய கணினி. சும்மா இருக்கும்போது ஒரு சாஃப்ட்வேர் ப்ராசஸர் வெப்பம் 27 டிகிரி என்கிறது, இன்னொன்று 42 என்கிறது, கணினி தொடங்கும்போதே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் 49. வேலை கொடுத்தால் முதலாவது 58, இரண்டாவது 73. இது போதாதென்று பட்டியலில் ஒரு வரியில் 127 டிகிரி என்று அசையாமல் நிற்கிறது. பயந்துபோய், ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே தடவும் பேஸ்ட்டை இரண்டு முறை மாற்றிவிட்டேன், பலன் இல்லை. அறையில் வெப்பம் 30 டிகிரி. ப்ராசஸரையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பேஸ்ட்டையும் இனித் தொடாதீர்கள். நீங்கள் எண்களைக் கவனமாகக் குறித்து அனுப்பியதால் விடை அதிலேயே கிடைத்துவிட்டது. 27-க்கும் 42-க்கும் இடைவெளி 15, 58-க்கும் 73-க்கும் இடைவெளி அதே 15. சென்சார் கெட்டுப்போயிருந்தால் இப்படி அச்சடித்த மாதிரி ஒரே வித்தியாசம் வராது.

நடப்பது இதுதான். இன்டெல் ப்ராசஸருக்குள் இருக்கும் சென்சார் தன் வெப்பம் இத்தனை டிகிரி என்று சொல்வதில்லை, உச்ச வரம்பைத் தொட இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்று மட்டும்தான் சொல்கிறது. அந்த வரம்பிலிருந்து பாக்கியைக் கழித்து, நமக்குப் புரிகிற எண்ணாகக் காட்டுவது சாஃப்ட்வேரின் வேலை. உங்கள் முதல் சாஃப்ட்வேர் வரம்பை 85 என்று வைத்திருக்கிறது, இரண்டாவது 100 என்று வைத்திருக்கிறது என எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: சும்மா இருக்கும்போது இரண்டிலுமே பாக்கி 58, வேலை கொடுத்தால் இரண்டிலுமே பாக்கி 27. ஒரே சென்சாரை ஒரே மாதிரிதான் படித்திருக்கின்றன, கழித்த இடத்தில்தான் தகராறு. கோர் 2 வந்த புதிதில் இன்டெல் இந்த வரம்பை வெளியே சொல்லவில்லை, சாஃப்ட்வேர் எழுதியவர்கள் ஊகித்துத்தான் போட்டார்கள். 2008-இல்தான் எண்களை வெளியிட்டார்கள், அதற்கு அடுத்த தலைமுறையிலிருந்து வரம்பு சிப்புக்குள்ளேயே பதிந்து வருவதால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் போய்விட்டது.

சரி, இரண்டில் எது நிஜத்துக்குப் பக்கம்? அறையே 30 டிகிரி இருக்கும்போது, ஃபேன் வைத்துக் குளிர்விக்கும் ப்ராசஸர் 27-க்கு இறங்கவே முடியாது. ஃபேன் அறைக் காற்றைத்தானே வீசுகிறது! ஆக, 27 தப்பு. கோர் டெம்ப் போன்ற வெப்பம் காட்டும் சாஃப்ட்வேர்களில் இந்த வித்தியாசத்தைத் திருத்திக்கொள்ள ஆஃப்செட் என்று ஒரு வசதி உண்டு, உங்கள் முதல் சாஃப்ட்வேரில் அது இருந்தால் 15 கூட்டிவிடுங்கள். அதற்காக 42 என்பதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த சென்சார்கள் வரம்பை நெருங்கும்போது சரியாக இருக்கும்படி அமைக்கப்பட்டவை, ஆறிக் கிடக்கும்போது சில டிகிரி முன்னே பின்னே காட்டும். அந்தக் காலத்துச் சிப்புகள் சிலவற்றில் சென்சார் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்காமல் அப்படியே நின்றுவிடுவதும் உண்டு.

பயாஸ் 49 காட்டுவதில் தப்பில்லை. விண்டோஸில் வேலை இல்லாதபோது ப்ராசஸர் வேகத்தைக் குறைத்து ஓய்வெடுக்கும், பயாஸ் திரையில் பொதுவாக அந்த ஓய்வு கிடைப்பதில்லை. 127 என்பது வெப்பமே அல்ல. மதர்போர்டின் கண்காணிப்புச் சிப்பில் எந்த சென்சாரும் இணைக்காமல் விட்ட ஒரு முனை, அது கூட்டல், கழித்தல் குறியோடு எட்டு பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண்ணைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. நிஜமாக அவ்வளவு சூடு இருந்தால் கணினி தானாகவே அணைந்திருக்கும்.

ப்ராசஸர் நிஜமாகவே அளவுக்கு மீறிச் சூடாகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கால் மணி நேரம் முழு வேலை கொடுத்துவிட்டு, பாக்கி எவ்வளவு என்பதையும் ப்ராசஸரின் கடிகார வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாக்கி பூஜ்யத்தை நெருங்கி வேகமும் சரிந்தால்தான் கவலை. வேலை கொடுத்த ஓரிரு நொடியிலேயே எண் வரம்புக்குத் தாவினால் கூலர் சரியாக உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். கணினியை அணைத்து, கூலரை விரலால் லேசாக ஆட்டிப் பாருங்கள், நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று 'க்ளிக்' ஆகாமல் மேலே தூக்கிக்கொண்டிருக்கும். உங்களுக்கு 27 டிகிரி பாக்கி இருக்கிறது, நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.

கேள்வி: ஏஎம்டியின் ரைசன் 7 1700எக்ஸ் ப்ராசஸர் வைத்திருக்கிறேன். சும்மா இருக்கும்போதே 58 டிகிரி, ஃபேன் சத்தம் வேறு. நண்பரின் 1700-இல் 38தான். ஏன்?

பதில்: அந்த 58-இல் 20 டிகிரி ஏஎம்டியே கூட்டி வைத்தது. எல்லா மாடல்களுக்கும் ஃபேன் கட்டுப்பாடு ஒரே மாதிரி இருக்கட்டும் என்று 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டிலும் அப்படிச் செய்தார்கள், 2017-இல் அவர்களே விளக்கமும் கொடுத்தார்கள். உங்கள் சிப்பும் 38-இல்தான் இருக்கிறது. புதிய சாஃப்ட்வேர்கள் டிசிடிஎல் (Tctl), டிடை (Tdie) என்று இரண்டு வரி காட்டும், முதலாவது 20 கூட்டிய எண், டிடைதான் நிஜம். ஆனால் ஃபேன் டிசிடிஎல்லைப் பார்த்துச் சுற்றினால் சாஃப்ட்வேரை மாற்றிச் சத்தம் குறையாது, பயாஸில் ஃபேன் வேக வரைபடத்தை 20 டிகிரி தள்ளி வையுங்கள்.