பதினோராம் வகுப்போடு நிறுத்திவிட்டு ரக்பி லீக் ஆடப் போகிறேன் என்கிறான் மகன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மடலை இரண்டு முறை வாசித்தேன். மகனுக்குப் பதினாறு வயது. ஹாரோல்ட் மத்யூஸ் அணியில் இடம் கிடைத்திருக்கிறது. ஒரு கிளப் இரண்டு வருட ஒப்பந்தம் பேசுகிறது. பதினோராம் வகுப்பு முடிந்ததும் பாடசாலையை விட்டுவிடுவேன் என்று மகன் நிற்கிறான். கணவர் இரண்டு கிழமையாக அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. "அடிபட்டு மூலையில் கிடந்தால் யார் பார்ப்பது?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

முதலில், இதைப் பிள்ளை விளையாட்டாகச் சொல்கிறான் என்று எடுக்க வேண்டாம். ஹாரோல்ட் மத்யூஸ் என்பது இங்கே அவுஸ்திரேலியாவில் கிளப்புகள் தங்கள் வட்டாரத்து 17 வயதுக்குட்பட்ட பெடியன்களைச் சலித்து எடுத்து இறக்கும் போட்டி. அதற்கு மேலே 19 வயதுக்குட்பட்டோருக்கு எஸ்.ஜி. போல், 21 வயதுக்குட்பட்டோருக்கு ஜெர்சி ஃப்ளெக், பிறகு நியூ சவுத் வேல்ஸ் கிண்ணம், உச்சியில் தேசிய ரக்பி லீக் போட்டியான என்.ஆர்.எல். அவன் உண்மையான ஏணியில்தான் காலை வைத்திருக்கிறான், ஆனால் முதல் படியில்.

உங்கள் கணவர் கண்டியில் படித்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே அவர் பார்த்தது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன். மகன் ஆடும் ரக்பி லீக் பதின்மூன்று பேர் ஆடுவது. 1895இல் இங்கிலாந்தின் வடக்கில், ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் சம்பளத்தை ஈடுசெய்து கொடு என்று ஆலை, சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கேட்ட கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடித் தனியாகப் பிரிந்தன. சிட்னியில் 1908இல் போட்டி தொடங்கியது. பிறக்கும்போதே கூலிப் பிரச்சினையோடு பிறந்த ஆட்டம் என்பதால், இதைத் தொழிலாகப் பார்ப்பதில் தப்பே இல்லை. தொழில் என்றால் கணக்குப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்கைப் பார்ப்போம். 2023 முதல் என்.ஆர்.எல்.இல் 17 கிளப்புகள். ஒவ்வொன்றிலும் முழு ஒப்பந்தக்காரர் 30 பேர். ஆக அவுஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் சேர்த்து 510 இடங்கள். 2027இல் பெர்த்தும் 2028இல் பப்புவா நியூகினியும் சேர இருப்பதால் கொஞ்சம் கூடும். அந்த முப்பதுக்குள் வந்துவிட்டால் சம்பளம் மோசமில்லை. 2023இல் ஆகக் குறைந்ததே வருடத்துக்கு 1,20,000 டொலர். நட்சத்திரங்கள் அதைப்போலப் பல மடங்கு வாங்குகிறார்கள். ஆனால் முப்பதுக்கு வெளியே நிற்பவன் நிலை வேறு. பகலில் கட்டட வேலை, மாலையில் பயிற்சி, சனி ஞாயிறில் ஆட்டம் என்று ஓடுகிறவர்கள் நிறையப் பேர்.

இந்தத் தொழிலில் ஆபத்தான வயது பதினாறு அல்ல. பத்தொன்பதிலிருந்து இருபத்தொன்று. ஜெர்சி ஃப்ளெக் வயது முடியும், கிளப் அவனைக் கைவிடும் அல்லது மேலே எடுக்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. சில வருடங்களுக்கு முன் இருபத்தொரு வயதுப் பிள்ளை ஒருவன் என்னிடம் வந்தான். முதுகுப் பையைக் கழற்ற இடது கையால் வலது பக்கப் பட்டியை இழுத்துத்தான் கழற்றினான். வலது தோள்மூட்டில் சத்திரசிகிச்சை, கை தோளுக்கு மேல் போகாது. தொலைபேசியைத் திறந்து ஒரு மின்னஞ்சலைக் காட்டினான். வரும் பருவத்துக்கு அவன் தேவையில்லை என்று கிளப் இரண்டே வரியில் எழுதியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பின் இறுதிச் சான்றிதழான எச்.எஸ்.சி. முடிக்கவில்லை. ஓட்டுநர் உரிமத்தைத் தவிர கையில் எந்தப் பத்திரமும் இல்லை. அவன் அழவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது டேஃப் என்ற அரச தொழிற்கல்லூரியில் மின்சாரத் தொழில் முடித்துவிட்டு நன்றாக இருக்கிறான். ஆனால் இழந்த அந்த வருடங்கள் திரும்பி வராது.

அதனால் என் பதில் இது. ஆட விடுங்கள், பாடசாலையை விட விடாதீர்கள். இதை மகனிடம் பயமுறுத்திச் சொல்ல வேண்டாம், அவனுடைய ஆட்டத்தின் கணக்கிலேயே சொல்லலாம். பதினெட்டு ஆகாதவரை என்.ஆர்.எல். மைதானத்தில் இறக்குவதில்லை என்பதுதான் விதி. 2021இல் ஜோசப் சுவாலீ என்ற இளம் வீரர் பதினேழு வயதில் ஆடுவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது, அத்தனை பெரிய திறமைக்கே அந்த நிலை. ஆக, பன்னிரண்டாம் வகுப்பை விட்டு அவன் மிச்சம் பிடிக்கும் ஒரு வருடத்தால் அந்த உச்சிப் படியை முன்னதாக எட்ட முடியாது. அந்த வருடத்தில் அவனுக்குக் கிடைக்கப்போவது பகல் தூக்கமும் ஜிம்மும்தான்.

பயிற்சி கடுமை என்பது உண்மை. நவம்பரில் தொடங்கும், பெப்ரவரியில் ஆட்டம், வாரத்தில் பல மாலைகள் போய்விடும். அதற்கு வழி இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் எச்.எஸ்.சி.யை ஒரே வருடத்தில் முடிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பாடங்களைப் பிரித்து ஐந்து வருடம் வரை சேர்த்து முடிக்கலாம். இரண்டு வருடத்தில் முடிக்கிறான் என்று வையுங்கள், என்ன குறைந்துவிடும்? பாடசாலையின் வழிகாட்டல் ஆசிரியரிடம் இந்தக் கிழமையே கேளுங்கள். கிளப்பிலும் கல்விக்கும் நலனுக்கும் பொறுப்பான ஒருவர் இருப்பார். அவரைச் சந்திக்கவேண்டும் என்று மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள். பிறகு பல்கலைக்கழகம். சிட்னியில் பல இடங்களில் உயர்மட்ட விளையாட்டு வீரர்களுக்கு அனுமதியில் சலுகையும் பரீட்சைத் தேதியில் விட்டுக்கொடுப்பும் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் ஏட்டார் புள்ளி கொஞ்சம் குறைந்தாலும் கதவு மூடிவிடாது.

உங்கள் கணவருக்கு ஒரு பெயரைச் சொல்லுங்கள்: ஜோர்ஜ் பெப்போனிஸ். கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை. 1980இல் சிட்னியின் கன்டர்பரி அணிக்குத் தலைவராக நின்று கிண்ணம் வென்றார், அவுஸ்திரேலிய அணிக்கும் தலைவராக இருந்தார், வைத்தியராகவும் இருந்தார். அந்தக் காலத்தில் ஆட்டம் முழுநேரத் தொழில் இல்லை, இன்று அதே மாதிரி மருத்துவம் படித்துக்கொண்டு ஆடுவது மிகவும் கஷ்டம். அதை மறைக்க மாட்டேன். ஆனால் ஆட்டக்காரன் என்றால் படிக்காதவன் என்ற எண்ணம் உங்கள் வீட்டில் இருந்தால், அது போகட்டும்.

மகன் மெலிந்தவன் என்று கவலைப்பட்டிருந்தீர்கள். பதினைந்து பதினாறில் சீக்கிரம் வளர்ந்தவர்கள்தான் கண்ணில் படுவார்கள். ஜொனதன் தர்ஸ்டனை உடம்பு போதாது என்று தட்டிக்கழித்தவர்கள் உண்டு. அவர் பிறகு, பருவத்தின் சிறந்த என்.ஆர்.எல். வீரருக்குக் கொடுக்கும் டாலி எம் பதக்கத்தை நான்கு முறை வாங்கினார். உடம்பேற்றுகிறேன் என்று கடைத் தூள் டப்பாக்களை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், தெரியாமல் குடித்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி உங்கள் பெரிய பயம். அது நியாயமான பயம். எலும்பு ஒட்டும், மூட்டுக்குச் சிகிச்சை உண்டு. தலைதான் எனக்கும் பயம். ரூஸ்டர்ஸ் அணித் தலைவர் பொய்ட் கோர்ட்னர் தலையில் பட்ட அடிகளால் 2021இல், முப்பது ஆகுமுன்பே, ஆட்டத்தை விட்டார். 2018இல் இறந்த முன்னாள் கன்டர்பரி வீரர் ஸ்டீவ் ஃபோக்ஸின் மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச்சிதைவு இருந்தது தெரிந்தது. 2014இல் அலெக்ஸ் மக்கினன் என்ற என்.ஆர்.எல். வீரர், எதிரணியினர் பிடித்து வீழ்த்திய ஒரே ஒரு தடவையில் கழுத்து முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தார்.

இன்று விதிகள் இறுகியிருக்கின்றன. தலையதிர்ச்சி உறுதியானால் என்.ஆர்.எல். வீரர் குறைந்தது 11 நாள் ஆடக்கூடாது என்று 2023இல் வந்தது. பிள்ளைகளுக்கு அது போதாது. அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் 2024 வழிகாட்டல் குறைந்தது 21 நாள் என்கிறது. போன வருடம் ஒரு மைதான ஓரத்தில் நின்றேன். விழுந்து எழுந்த பெடியனுக்கு முன்னால் உதவியாளர் முழந்தாளிட்டுக் கேட்டார்: "இன்று எந்த மைதானம்? இது முதல் பாதியா இரண்டாம் பாதியா? கடைசியாகப் புள்ளி எடுத்தது யார்?" மூன்றாவது கேள்விக்கு அவன் சிரித்தான், பதில் வரவில்லை. அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே தகப்பன், "அவனுக்கு ஒன்றும் இல்லை, விடுங்கள்" என்று கத்திக்கொண்டிருந்தார். நீங்கள் அப்படிக் கத்தும் பெற்றோராக வேண்டாம். தலைவலியை மறைத்தால் ஆட்டம் முடிந்தது என்ற ஒரு சட்டத்தை வீட்டில் போடுங்கள். எத்தனை அடிக்குப் பிறகு நிறுத்துவது என்பதை இப்போதே, அவன் தெளிவாக இருக்கும்போதே, வைத்தியரோடு மூவரும் கதைத்து வையுங்கள். அடிபட்ட பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.

ஒப்பந்தம்: அவனுக்குப் பதினெட்டு ஆகவில்லை, உங்கள் கையெழுத்து இல்லாமல் ஒன்றும் நகராது. அவசரப்படுத்துகிறவரை நம்ப வேண்டாம். முகவர் என்று வருபவர் அங்கீகாரம் பெற்றவரா என்று என்.ஆர்.எல். பட்டியலில் பாருங்கள். "இரண்டு வருடம்" என்பது முழுச் சம்பளமா, பயிற்சிப் படியா, முழங்கால் போனால் சிகிச்சைச் செலவு யாருடையது, படிப்புக்குக் கிளப் என்ன தரும், இடையில் விலக்கினால் என்ன என்பதையெல்லாம் ஒரு சட்டத்தரணி வாசித்துச் சொல்லட்டும். சில நூறு டொலர் போனாலும் பரவாயில்லை. பிரதியை எனக்கும் அனுப்புங்கள்.

கணவரை இந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். மகன் ஆடுவதை அவர் ஒரு தரமும் நேரில் பார்க்கவில்லை என்று உங்கள் மடலின் நடுவில் ஒரு வரி இருந்தது. முடிந்து காரில் ஏறியதும் எச்.எஸ்.சி. பேச்சை எடுக்க வேண்டாம். எங்கே சாப்பிடப் போவோம் என்று அவரையே மகனிடம் கேட்கச் சொல்லுங்கள்.