பனிச்சறுக்குக்குச் சின்னக் கேமரா: முதலில் க்ளவுஸ், அப்புறம் கேமரா

கேள்வி: சேலத்திலிருந்து பிப்ரவரியில் குல்மர்க்குக்குப் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறோம். போன் இருக்கிறது. இருந்தாலும் ஜாக்கெட் பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்னக் கேமரா வாங்க ஆசை. எதை வாங்கலாம்? கழுத்தில் மாட்டிக்கொண்டே சறுக்கலாமா?

நானும் சேலம்தான். தம்பியோடு இரண்டு தடவை பனிச்சறுக்குக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவை உத்தராகண்டின் ஔலி, ஒரு தடவை காஷ்மீரின் குல்மர்க். இரண்டுக்கும் வேறு வேறு கேமரா கொண்டுபோனேன். அந்த வித்தியாசத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஔலிக்குப் போனபோது கையில் இருந்தது மாமாவிடம் இரவல் வாங்கியது. வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சென்சார் ‘ஒரு அங்குல’ வகை, ஆன் செய்தால் லென்ஸ் வெளியே நீண்டு வரும் வகை. ஏற்காட்டிலும் வீட்டு விசேஷங்களிலும் அருமையாகப் படம் எடுத்த கேமரா அது. மூன்றாம் நாள் ஒரு சரிவில் புரண்டு விழுந்தேன். பையின் ஜிப் பாதி திறந்திருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. எழுந்து கேமராவை ஆன் செய்தேன். லென்ஸ் பாதி வந்தது, கடகடவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாவு போன்ற பனித்தூள் லென்ஸ் குழல் இடுக்கில் ஏறி உறைந்துவிட்டது. சூடான அறைக்குக் கொண்டுபோனதும் அதுவே தண்ணீராகி உள்ளே இறங்கியது. சரிசெய்து திருப்பிக் கொடுத்தபோது மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் மனது ஆறவில்லை.

அதனால் நான் பார்க்கச் சொல்லும் முதல் விஷயம் லென்ஸ் வெளியே நீளுகிறதா இல்லையா என்பது. பனிச்சறுக்கு கற்றுக்கொள்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை விழுவார் என்று கணக்கே கிடையாது. ஒவ்வொரு தடவையும் பையிலும் கையுறையிலும் கழுத்துப் பட்டியிலும் பனி புகும். நீளும் லென்ஸுக்கு அது ஆகவே ஆகாது.

குல்மர்க்குக்கு நான் வாங்கிக்கொண்டு போனது ஒலிம்பஸ் டஃப் டிஜி-6. 2019இல் வந்தது. அதற்கு அடுத்த டிஜி-7 2023இல் ஓஎம் சிஸ்டம் என்ற பெயரில் வந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கால் கிலோ எடை. ஜூம் முழுவதும் உடம்புக்குள்ளேயே நகரும், வெளியே ஒன்றும் நீளாது. 25 முதல் 100 மி.மீ. வரைக்கு இணையான ஜூம். 15 மீட்டர் ஆழத் தண்ணீர், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுதல், மைனஸ் 10 டிகிரிக் குளிர், இவ்வளவையும் தாங்கும் என்று தயாரித்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். முன்கண்ணாடி இரட்டைத் தகடு, அதனால் உள்பக்கம் மூடுபனி போல ஆவி படிவது குறைவு. பிறகு கம்ப்யூட்டரில் திருத்த வசதியான ரா கோப்பும் கிடைக்கிறது. ஷட்டரை முழுதாக அழுத்துவதற்குச் சற்று முந்தைய நொடிப் படங்களையும் சேர்த்துப் பிடித்து வைக்கிற ப்ரோ கேப்சர் என்ற வசதியும் உண்டு. தம்பி திருப்பத்தில் பனியை வாரி இறைத்த படம் எனக்கு அதில்தான் கிடைத்தது. நான் விரலை அழுத்தியபோது அவன் அந்த இடத்தைத் தாண்டியிருந்தான்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். சென்சார் போன் சென்சார் அளவுதான், 12 மெகாபிக்சல். சாயங்காலம் விடுதிக்குள் எடுத்த படங்களில் புள்ளி தட்டும். ஷட்டர் வேகத்தை நாமே குறித்து வைக்கிற முறை இதில் கிடையாது. ஆனால் வெயிலடிக்கும் பனியில் வெளிச்சம் அவ்வளவு இருப்பதால் ஷட்டர் தானாகவே வேகமாகத்தான் ஓடும். கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரும் இல்லை. நடுப்பகலில் பனிமேல் நின்று பின்பக்க ஸ்க்ரீனைப் பார்த்தால் பாதி உங்கள் முகம்தான் தெரியும். போலரைஸ்டு கண்ணாடி போட்டிருந்தால் கேமராவைப் பிடிக்கும் கோணத்தைப் பொறுத்து ஸ்க்ரீன் ஒரேயடியாகக் கறுத்துப்போகவும் செய்யும். பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், கேமராவைக் கால் வட்டம் திருப்பினால் மறுபடி தெரியும்.

படத்தின் தரம்தான் உங்களுக்கு முக்கியம், சறுக்கும்போது கேமராவை விடுதியில் விட்டுவிட்டு மலையைப் படமெடுக்கத் தனியாகப் போவேன் என்றால் சோனி ஆர்எக்ஸ்100 வரிசையைப் பாருங்கள். மூன்றாவது மாடலிலிருந்து மேலே துள்ளி எழும் சின்ன வியூஃபைண்டர் இருக்கிறது. பனி வெளிச்சத்தில் அது பெரிய வரம். ஏழாவது மாடலில் 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம். எடை 302 கிராம். ஆனால் பூஜ்யத்திலிருந்து 40 டிகிரி வரைக்குத்தான் அதற்குக் கணக்கு, லென்ஸும் நீளும் வகை. ரிக்கோ ஜிஆர் 3 சட்டைப் பையில் அடங்கும், உள்ளே இருப்பதோ பெரிய கேமராவின் சென்சார். இருந்தும் ஜூம் இல்லை, பனிக்கும் ஈரத்துக்கும் அடைப்பு இல்லை. கற்றுக்கொள்ளும் வாரத்துக்கு இரண்டையும் நான் சொல்ல மாட்டேன். ஹெல்மெட்டில் மாட்டும் ஆக்‌ஷன் கேமரா வீடியோவுக்கு நல்லது. ஆனால் அதன் அகலமான பார்வையில் எதிரே நிற்கும் மலை மண்மேடு மாதிரி சுருங்கிவிடும். போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிரில் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துபோகும், க்ளவுஸ் விரலுக்கு ஸ்க்ரீன் அசையாது.

க்ளவுஸ் என்றதும் தலைப்புக்கு வருகிறேன். கேமராவுக்கு முன்னால் க்ளவுஸ் வாங்குங்கள். ஔலியில் தம்பி சொன்னது இது: “அக்கா, நீ க்ளவுஸைக் கழட்டி, கேமராவை எடுத்து, மறுபடி க்ளவுஸ் போடறதுக்குள்ள நான் கீழ போய் டீயே குடிச்சிடுவேன்.” உண்மைதான். ஒவ்வொரு படத்துக்கும் கழற்றி மாட்டினால் பத்தாவது படத்தில் விரல் மரத்துவிடும், அப்புறம் கேமரா பையைவிட்டு வெளியே வராது. எனக்கு முதல் பயணத்தின் கடைசி இரண்டு நாளுக்குப் படமே இல்லை. கேமரா கெட்டது ஒரு காரணம். போனை எடுக்கவும் கை வரவில்லை என்பது இன்னொரு காரணம்.

எனவே தடித்த க்ளவுஸ், அதற்குள் போட மெல்லிய க்ளவுஸ் இரண்டையும் வாங்கிக்கொண்டு, அவற்றோடு கேமரா கடைக்குப் போங்கள். ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் நான் அப்படித்தான் செய்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, நான் கம்பளிக் க்ளவுஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கடைக்காரத் தம்பி பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். ஆன் பட்டன் விரலுக்குத் தட்டுப்படுகிறதா, ஷட்டரை அரை அழுத்து அழுத்த முடிகிறதா, ஜூம் நெம்பு அகப்படுகிறதா, பார்க்க வேண்டியது இவ்வளவுதான். பட்டியலில் எவ்வளவோ சிறப்புகள் எழுதியிருந்த ஒரு கேமராவின் ஆன் பட்டன் உடம்போடு உடம்பாகப் படுத்துக் கிடந்தது. நகத்தால் தேடினால்தான் அகப்பட்டது. அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வாங்கிய பிறகு டிசம்பர் மாத விடியற்காலை ஒன்றில் ஏற்காட்டுக்கு வண்டியில் ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவு, பாதிக்கு மேல் மூடுபனி. வளைவு தாண்டி ஒதுங்கிய இடங்களில் எல்லாம் க்ளவுஸோடு ஒரு படம் என்று வைத்துக்கொண்டேன். பகோடா பாயிண்ட் போய்ச் சேர்வதற்குள் பார்க்காமலே பையிலிருந்து எடுத்து ஆன் செய்ய விரல் பழகிவிட்டது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், குல்மர்க் 2,650 மீட்டர், அங்கிருந்து கோண்டோலா என்ற கம்பி வண்டியில் ஏறினால் கிட்டத்தட்ட 4,000 மீட்டர். குளிரில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. ஆனால் கை பழகுவதற்கு ஏற்காட்டுக் குளிர் போதும்.

இப்போது வெள்ளை நிறத்துக்கு வருகிறேன். எந்தக் கேமரா வாங்கினாலும் இது தெரியாவிட்டால் பாதிப் படம் வீண்.

ஔலியில் எடுத்த படங்களை அம்மாவிடம் காட்டியபோது, “பனின்னா வெள்ளையா இருக்கும்னு பார்த்தா, அழுக்கு வேட்டியை விரிச்ச மாதிரி இருக்கே” என்றார். கேமரா எதைப் பார்த்தாலும் அது நடுத்தர வெளிச்சமுள்ள காட்சி என்று நினைத்துக்கொண்டுதான் அளக்கும். எதிரே முழுக்க வெள்ளையாக இருந்தால், அளவுக்கு மீறி வெளிச்சம் என்று குறைத்துவிடும். பனி சாம்பலாகும், அதன் நடுவில் நிற்கிற நம் ஊர் முகம் கரியாகிவிடும்.

சேலத்தில் பனி இல்லை, ஆனால் ஜவ்வரிசி இருக்கிறது. ஆத்தூர் பக்கம் எங்கள் பெரியப்பாவுக்குச் சேகோ பேக்டரி. கிழங்கு சீசனில் சிமெண்டுக் களம் முழுவதும் மாவும் ஜவ்வரிசியும் பரப்பிக் கிடக்கும். பகல் பதினொரு மணிக்கு அதைப் பார்த்தால் கண் கூசும். புதுக் கேமராவோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், களத்தில் ஜவ்வரிசி தள்ளிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டுவிட்டு அவரையே படமெடுத்தேன். ஆட்டோவில் எடுத்த முதல் படத்தைப் பெரியப்பா வாங்கிப் பார்த்தார். நிறத்தை வைத்துத்தான் அவர் சரக்குக்கு விலையே. “ஏன் கண்ணு, இந்த நெறத்துல இருந்தா எவன் வாங்குவான்? நம்ம சரக்கு இப்படியா இருக்கு?” என்றார். அவருக்கு அது கேமராவின் தவறு என்பதே தோன்றவில்லை, நிஜமாகவே களத்தைத் திரும்பிப் பார்த்தார்.

கேமரா அளந்ததைவிட வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவுகிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை பிளஸ் 0.7, பிளஸ் 1, பிளஸ் 1.3, பிளஸ் 1.7, பிளஸ் 2 என்று ஏற்றி ஏற்றி எடுத்தேன். ஒவ்வொன்றையும் அவரிடம் காட்டினேன். பிளஸ் 1.3இல் தலையாட்டினார். பிளஸ் 2இல், “இதுல குருணை தெரியலையே, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு” என்றார். நாற்பது வருஷம் வெள்ளையைப் பார்த்த கண். குல்மர்க்கில் நல்ல வெயில் நாளில் நான் கடைசிவரை பிளஸ் 1இலும் பிளஸ் 1.3இலும்தான் எடுத்தேன். ஆள் முகம் பெரிதாக வரும் படங்களில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். மேகம் மூடி எல்லாம் ஒரே வெள்ளையாகிப் போகும் நாளில் எவ்வளவு ஏற்றினாலும் சரிவே தெரியாது. அப்போது ஒரு தேவதாரு மரமோ சிவப்பு ஜாக்கெட்டோ படத்துக்குள் வரும்படி நில்லுங்கள். மரம் நேராக நின்றால்தான் தரை எவ்வளவு சாய்வு என்பதே பார்க்கிறவருக்குப் புரியும்.

பேட்டரி: லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். தீர்ந்துவிட்டது என்று நினைத்ததை உள்சட்டைப் பையில் கால் மணி நேரம் வைத்தால் மறுபடி கொஞ்சம் ஓடும். கூடுதலாக இரண்டு வாங்கி உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று மாற்றுங்கள். மூடியின் ரப்பரில் ஒரு முடியோ பனித்துகளோ ஒட்டியிருந்தால்கூடத் தண்ணீர் புகாத கேமராவில் தண்ணீர் புகும்.

பேட்டரிக்குச் சூடு வேண்டும், கேமராவுக்கு வேண்டாம். கேமராவை வெளிப்பையில் குளிராகவே இருக்க விடுங்கள். உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்து அடிக்கடி எடுத்தால் வியர்வை ஈரம் லென்ஸில் படியும். சாயங்காலம் அறைக்குள் நுழையுமுன் வெளியிலேயே அதை ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடிவிடுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வியர்க்கிறதே, அந்தத் தண்ணீர் கவர்மேல் படியட்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் போதும். மெமரி கார்டை உடனே எடுக்க வேண்டும் என்றால் குளிரிலேயே எடுத்துவிட்டு அப்புறம் உள்ளே வாருங்கள்.

கழுத்தில் மாட்டுவது வேண்டவே வேண்டாம். விழும்போது கேமரா நெஞ்சுக்கும் தரைக்கும் நடுவில் மாட்டினால் விலா எலும்புக்குக் கேடு, கழுத்து வார் சரிவின் மேலே ஏற்றிப்போகும் லிஃப்டில் சிக்கினால் அதைவிடக் கேடு. மணிக்கட்டு வார் ஒன்று போட்டு, ஜாக்கெட்டில் எளிதாகக் கை போகிற, நீங்கள் பெரும்பாலும் விழாத பக்கத்தில் இருக்கும் பையில் வைத்து ஜிப்பை முழுக்க இழுங்கள். எனக்கு இடது பை. நின்றுதான் எடுக்க வேண்டும், அதுவும் சரிவின் ஓரத்தில், மேலிருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். மேட்டுக்குக் கீழே மறைவில் நிற்கக் கூடாது. நல்ல கோணம் என்று தம்பி ஒரு தடவை அப்படி நின்று பயிற்சியாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பிப்ரவரிக்குள் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் ஏதாவது ஒரு ஜவ்வரிசிக் களத்துக்குப் போய்வாருங்கள். பத்து மணிக்கு மேல் நல்ல வெயில் வந்ததும் போங்கள். பேக்டரிக்காரர்களிடம் முதலில் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சாப்பிடுகிற பொருள் காய்கிற இடம், செருப்பைக் கழற்றிவிட்டு ஓரத்தில் நின்று எடுங்கள்.