பெருமாள்மலைத் தம்பிக்கு: டொராண்டோவில் முதல் வாரத்திலேயே கூட்டத்துக்குப் போங்கள்

தம்பி, செப்டம்பரில் கொடைக்கானல் பக்கத்துப் பெருமாள்மலையிலிருந்து டொராண்டோவுக்குப் படிக்க வரப்போவதாகவும், மதுரையில் போதை மறுவாழ்வு மையத்தை விட்டு வந்தபின் ஏழு மாதமாக எதையும் தொடவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே போய்க்கொண்டிருந்த என்.ஏ. கூட்டங்கள் (போதையை விட விரும்புவோர் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்பவை) இங்கேயும் உண்டா, போனால் கல்லூரிக்கும் குடிவரவுத் துறைக்கும் தெரிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகை, பகுதிநேர வேலை, குளிராடை பற்றிய கேள்விகளுக்கு வேறு பலர் பதில் சொல்வார்கள். கொடைக்கானல் கடைத்தெருவில் வாங்கும் கம்பளி இங்கே ஜனவரிக்குப் போதாது என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். கூட்டங்களைப் பற்றிய கேள்வியை 2007 ஜனவரியில் அதே மலையிலுள்ள பூம்பாறையிலிருந்து வந்து இறங்கிய நான் யாரிடமும் கேட்கத் துணியவில்லை. அதனால் அதற்கு மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

கூட்டங்கள் நிறைய உண்டு. நார்காட்டிக்ஸ் அனானிமஸ் என்ற என்.ஏ. 1953இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. குடியிலிருந்து மீள்வோருக்காக 1935இல் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின், மீட்சிக்கான பன்னிரண்டு படிகளைத் தனதாக்கிக்கொண்டது. மதுரையில் நீங்கள் வாசித்த அதே வரிகளைத்தான் இங்கே தேவாலயத்தின் நிலவறையில் ஆங்கிலத்தில் வாசிப்பார்கள். அவர்களுடைய கூட்டப் பட்டியலில் ஊரைத் தேடினால் கிழமை, நேரம், முகவரி எல்லாம் கிடைக்கும். 'மூடிய கூட்டம்' என்றிருந்தால் அது போதைப் பழக்கத்திலிருந்து விடுபட விரும்புவோருக்கு மட்டுமே உரியது. 'திறந்த கூட்டம்' என்றால் நண்பரையும் அழைத்துப் போகலாம். கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை, அடையாள அட்டையும் கேட்பதில்லை. முதற்பெயரைச் சொல்லிவிட்டு, இன்று பேசவில்லை என்று உட்கார்ந்துவிட்டாலும் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஆகவே கூட்டத்துக்குப் போவதால் விசாவுக்கு ஆபத்து இல்லை. ஆபத்து வருவது வேறு வழியில்: போதையில் வண்டி ஓட்டுவதை 2018 டிசம்பர் 18 முதல் கனடா கடுமையான குற்றமாக்கியிருக்கிறது, அதில் தண்டனை பெற்றால் நிரந்தர வதிவுரிமை (பி.ஆர்.) பெற்றவர்கள்கூட நாட்டைவிட்டு வெளியேற்றப்படலாம்.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. ஏழு மாதம் விட்டிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. அதோடு இங்கே தெருவில் விற்கப்படும் பொடியிலும் மாத்திரையிலும் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான போதை மருந்து கலந்திருக்கக்கூடும். ஒருமுறை வழுக்கினால் அதுவே கடைசி முறையாகிவிடலாம் என்பதை நான் அச்சுறுத்தலுக்காகச் சொல்லவில்லை. எங்கள் கூட்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை அப்படித்தான் இழந்தோம். ஒன்டாரியோவில் மருந்துக் கடைகளில், இப்படி அளவு மீறி மூச்சடைப்பவரை மீட்க உதவும் நலோக்சோன் என்ற மருந்தை இலவசமாகத் தருகிறார்கள். வந்தவுடன் ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள், பக்கத்து அறைக்காரருக்கும் அது உதவும். கஞ்சாக் கடைகளைப் பார்த்தும் மனம் தடுமாற வேண்டாம். 2018 அக்டோபர் முதல் சட்டம் அதை அனுமதிக்கிறது என்பதற்காக நம் போன்றவர்களுக்கு அது வேறு பொருளாகிவிடாது. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மருத்துவர் சொல்லி பியூப்ரினார்ஃபின் என்ற மருந்தை எடுத்துக்கொண்டிருந்தால், கூட்டத்தில் யார் என்ன சொன்னாலும் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நம் மலையில் இது எப்படித் தொடங்கும் என்பது உங்களுக்கே தெரியும். மழை விட்ட மறுநாள் மாட்டுச் சாணம் கிடக்கும் புல்வெளிகளில் சுற்றுலா வருகிறவர்களுக்காகப் போதைக் காளான் பொறுக்கினேன். ஒரு பொட்டலத்துக்குக் கிடைத்த காசு, பூண்டுக் காட்டில் அப்பா வாங்கிய ஒரு நாள் கூலியைவிட அதிகம். பிறகு மதுரைக் கல்லூரியில் பிரவுன் சுகர் என்ற மட்டரக ஹெராயின். கடல் தாண்டினால் எல்லாம் பின்னால் போய்விடும் என்று நம்பி வந்தேன். நான்கே மாதத்தில் வலி மாத்திரையில் போய் நின்றேன். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எனக்கு அறை கொடுத்திருந்த நம்மவர் ஒருவர், தெரிந்த அன்றே பெட்டியை வாசற்பனியில் வைத்துக் கதவைச் சாத்தினார். விழாவுக்கு மண்டபம் பிடிக்க இங்கே நம் ஆட்கள் ஒன்றுகூடுவது எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு வீட்டுப் பையன் போதையில் விழுந்துவிட்டான் என்றால் அதே ஆட்கள் கதவைச் சாத்திக்கொள்வதையும், ஊருக்கு அனுப்பிக் கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்பதையும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

ஆகவே தமிழ்க் கூட்டம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், தம்பி. நான் முதலில் போன அறையில் பன்னிரண்டு நாற்காலிகள் இருந்தன. கதவோரம் உட்கார்ந்தேன், காலணியில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் குட்டையாகத் தேங்கியது. கை நடுங்கிக் காப்பி சிந்தியபோது, பக்கத்திலிருந்த ஜமைக்காக்காரப் பெரியவர் ஒன்றும் பேசாமல் என் கோப்பைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்தார். கூட்டம் முடிந்ததும் புதிதாக வருகிறவருக்கு என்.ஏ.வில் தரும் வெள்ளைச் சாவிப் பட்டை ஒன்றை என் கையில் வைத்து, நாளையும் வா என்றார். அவர் பேசிய ஆங்கிலத்தில் பாதிதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டத்துக்குப் போனேன். அவரே பிறகு என் ஸ்பான்சரானார், அதாவது படிகளில் என்னைக் கூட இருந்து வழிநடத்தும் மூத்த உறுப்பினர். இன்று அதே நிலவறையில் வியாழன்தோறும் நாற்காலி போடுவதும் காப்பி வைப்பதும் என் பொறுப்பு.

விமானம் ஏறுவதற்கு முன்பே மதுரை ஸ்பான்சரிடம் சொல்லி, நீங்கள் வந்திறங்கும் வாரத்தில் தினமும் தொலைபேசியில் பேச ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். நேர வித்தியாசம் ஒன்பதரை மணி என்பதால் உங்கள் இரவு அவருக்கு விடியற்காலையாக இருக்கும். உங்களிடம் இப்போது ஆறு மாதத்து நீலப் பட்டை இருக்க வேண்டும். செப்டம்பரில் ஒன்பது மாதம் நிறையும்போது, அந்தத் தேதியைக் கூட்டத்தில் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள். ஒன்பது மாதத்துக்கான மஞ்சள் பட்டை சில நேரம் பெட்டியில் தீர்ந்துபோயிருக்கும், சொன்னால் வாங்கி வைப்பார்கள்.